சின்னத்தைக்குத் தெரியாமல் ஒரு படம்

பொத்தானை நகர்த்தியதும், காதுக்குள் நுழைய இடம் தேடும் கொசுவைப்போல ஒரு மெல்லிய கீச்சொலி கிளம்பி, உயர்ந்து, இனிக் கேட்கவே முடியாது என்னும் உயரத்துக்குப் போய் நின்றபோது, அந்தக் கேமராவின் முதுகில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது. சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த ஸ்டுடியோவின் கண்ணாடி அலமாரிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்த நான், விளக்கு எரியும்வரை மூச்சு விடவில்லை. எனக்கு அப்போது பதினோரு வயது. "இது வேண்டாமுங்கப்பா, சத்தம் போடுது" என்றேன்.

"சத்தம் போட்டா என்ன பாப்பா, தூங்கற கொழந்தையவா எழுப்பப் போகுது?" என்று கடைக்காரர் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை. நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருந்த அவர், ஆணியும் போல்ட்டும் எடுக்கச் சேலம் வந்த இடத்தில், விசேஷங்களுக்குக் கொண்டுபோக ஒரு கேமரா பார்க்கலாம் என்று நுழைந்ததாகத்தான் கடைக்காரரிடம் சொல்லியிருந்தார். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை.

மீதி இது. அப்பாவின் தங்கை மரகதம், எனக்குச் சின்னத்தை, எங்கள் வீட்டிலேயே இருந்துகொண்டு ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக வேலை பார்த்தார். அவருக்கு இருபத்தேழு முடிந்திருந்தது. எங்கள் பக்கத்தில் அந்நாளில் அது வீட்டுக்கு வந்தவர்களெல்லாம் காப்பியைக் கையில் வாங்கியவுடன் விசாரிக்கிற வயது. ஜாதகத்தோடு ஒரு போட்டோவும் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகவேண்டும். ஸ்டுடியோவில் எடுத்த படத்தில் சின்னத்தை கழுத்தை நீட்டி, கண்களை அகட்டி, "பஸ் பாஸுக்கு எடுத்தாப்பல" இருந்தார். அந்தப் படம் போன வீடுகளிலிருந்தெல்லாம் திரும்பி வந்தது. இன்னொரு முறை ஸ்டுடியோ நாற்காலியில் உட்கார மாட்டேன் என்று அவர் சொல்லிவிட்டார். ஆகவே அப்பாவின் அக்கா, எங்கள் பெரியத்தை, ஒரு திட்டம் வகுத்தார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவருடைய பேரனுக்குக் குலதெய்வக் கோயிலில் காதுகுத்து. அங்கே வைத்துச் சின்னத்தைக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்து, புதன்கிழமைக்குள் ஆத்தூர்ப் பக்கம் ஒரு வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும்.

"பெரியவங்க கையில கேமரா இருந்தா உசாராயிருவா. பொடுசு கையில இருந்தா கண்டுக்க மாட்டா. சிரிக்கறப்பப் பாத்து எடுத்துப்போடு சாமி" என்று என்னிடம் சொன்ன பெரியத்தை, குரலைத் தாழ்த்தி அப்பாவிடம், "இந்த எடமும் தவறுச்சுன்னா அப்புறம் ரெண்டாந்தாரமாத்தான் பாக்கோணும்" என்றார். தாழ்த்திய குரல்தான் எனக்கு நன்றாகக் கேட்டது. அன்றிலிருந்து சின்னத்தையின் கல்யாணம் என் ஆள்காட்டி விரலில் இருப்பதாக நான் நம்பத் தொடங்கினேன்.

கடைக்காரர் மூன்று கேமராக்களை எடுத்து வைத்தார். முதலாவது அந்தக் கீச்சிடும் பிளாஷ் கேமரா. இருட்டறையிலும் எடுக்கும், ஆனால் எடுப்பதற்கு முன்னும் பின்னும் ஊரைக் கூட்டும். இரண்டாவது பிளாஷ் இல்லாத பிளாஸ்டிக் பெட்டி, தீப்பெட்டிபோல எடையே இல்லை, நிழலில் எடுத்தால் முகம் தெரியாது என்று அவரே ஒத்துக்கொண்டார். மூன்றாவது யாரோ விற்றுவிட்டுப்போன பழைய இரும்புக் கேமரா, தோல் உறைக்குள் இருந்தது. லென்ஸைச் சுற்றி அடிக்கணக்கில் எண்கள், வெயிலுக்கும் மேகத்துக்கும் தனித்தனிப் படங்கள். எத்தனை அடி தூரம் என்பதை நாமேதான் கண்ணால் அளந்து திருப்பி வைக்கவேண்டும். ஆனால் பொத்தானை அழுத்தினால், நாக்கு அண்ணத்தில் ஒருமுறை பட்டு எடுத்ததுபோல ஒரு சிறு ஓசை, அவ்வளவுதான். நான் மூன்றாவதைக் காட்டினேன். "பெரியவங்களுக்கே இது தடுமாறுமுங்க" என்று கடைக்காரர் தயங்கினார். பிறகு பழைய சுருள் ஒன்றைப் போட்டுக் காட்டி, "லீவரத் தள்ளறப்ப இந்தப் பக்கத்துக் குமிழியும் சுத்தோணும், அப்பத்தான் பிலிமு நகருதுன்னு அர்த்தம், பாத்துக்க பாப்பா" என்றார். நான் அவர் சொன்னதில் எண்களை மட்டும் கவனித்தேன்.

அந்த வாரம் முழுக்கப் பள்ளி விட்டதும் பட்டறைக்குப் போய், ஆறடிப் பலகைகளைத் தரையில் வரிசையாகக் கிடத்தி, ஆறடி, பன்னிரண்டடி, பதினெட்டடி என்று மனப்பாடம் செய்தேன். சாப்பாட்டுத் தட்டுக்கும் எனக்கும் எத்தனை அடி, பஸ்ஸில் முன்சீட்டுக்காரர் பின்னந்தலை எத்தனை அடி என்று கண் ஓயாமல் அளந்துகொண்டிருந்தது. படச் சுருளைச் சனிக்கிழமை மாலை நானே போட்டேன். பிலிமில் துளி வெளிச்சம் பட்டாலும் எல்லாம் போய்விடும் என்று யாரோ சொல்லியிருந்ததால், இரண்டு போர்வைகளைத் தலையோடு போர்த்திக்கொண்டு, வேர்க்க வேர்க்க, சுருளிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த பிலிம் நாக்கைக் கையால் தடவியே செருகி மூடினேன். பகல் வெளிச்சத்தில் கண்ணால் பார்த்துப் போடுவதற்கென்றே அந்த நாக்கை நீளமாக விட்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர் ஒருவரின் லாரியில் எல்லோரும் கோயிலுக்குப் போனோம். அந்த லாரிக்குப் பாடி கட்டியது அப்பாதான். காது குத்தும்போது குழந்தை வீறிட்டதை எடுத்தேன், தாய்மாமன் மடியை எடுத்தேன், ஆட்டுக்கறி வேகும் அண்டாவை எடுத்தேன், நடுநடுவே சின்னத்தையை எடுத்தேன். அவர் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார், யாருக்கோ குடத்தைத் தூக்கிவிட்டார், ஒரு முறை சமையல்காரர் ஏதோ கேலி சொல்ல, தலையைப் பின்னால் சாய்த்துப் பல் வரிசை முழுவதும் தெரியச் சிரித்தார். பன்னிரண்டடி, புளியமர நிழல், மேகப் படம். அழுத்தினேன். பெரியத்தை தொலைவிலிருந்து புருவத்தை உயர்த்தினார். நான் தலையை ஆட்டினேன். ஒரு வாரப் பாரம் இறங்கியது.

எடுத்த படங்களை எண்ணும் வட்டு இருபத்தொன்றைக் காட்டியபோதுதான் கடைக்காரர் சொன்ன குமிழி நினைவுக்கு வந்தது. லீவரைத் தள்ளினேன். குமிழி அசையவில்லை. இன்னொரு முறை தள்ளினேன், அசையவில்லை. முதுகைத் திறந்து பார்த்தால் தெரிந்துவிடும். ஆனால் என் சந்தேகம் தப்பாக இருந்து உள்ளே படங்கள் இருந்தால், அந்தச் சிரிப்பும் சேர்ந்து வெளிச்சத்தில் அழிந்துபோகும். யாரிடமும் கேட்க முடியாது. லாரியில் ஏறி, மடித்துக் கிடந்த தார்ப்பாய்க்குள் ஊர்ந்துபோய், அந்தப் புழுக்கத்தில் கேமராவைத் திறந்து விரலை விட்டேன். பிலிமைச் சுற்றவேண்டிய உருளை மொட்டையாக இருந்தது. பிலிமின் நாக்கு எதையும் பிடிக்காமல் சும்மா கிடந்தது. ஒரு படம்கூட இல்லை.

தார்ப்பாய் விலகியது. "யாரு உள்ள? பூச்சி பொட்டு கெடக்கப் போகுது, வெளிய வா" என்று சின்னத்தை நின்றுகொண்டிருந்தார்.

"ஒளிஞ்சு வெளையாடறனுங்க அத்தை."

"தனியாவா?" என்றவர் என் மடியில் திறந்து கிடந்த கேமராவைப் பார்த்துவிட்டு, லாரியின் பக்கப் பலகையில் சாய்ந்துகொண்டார். "காலைல இருந்து ஈ மாதிரி என்னையவே சுத்தறயே, நாங் கண்டுக்கலைன்னு நெனச்சயா? யாரு, அக்கா சொல்லுச்சா?"

நான் தலையை ஆட்டியபோது அழுகை வந்துவிட்டது. ஆத்தூர்ப் பக்கத்து வீடு, புதன்கிழமை, ரெண்டாந்தாரம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படவில்லை. "மின்ன ஸ்டுடியோவுல எடுத்த படம் அஞ்சு ஊட்டுக்குப் போயிட்டு வந்துச்சு சாமி. கடைசி ஊட்ல எதோ ஒரு வாண்டு அதுல பென்சில்ல மீசை வரைஞ்சிருச்சு. அக்கா ரப்பர் போட்டு அழிச்சு, ஆறாவது ஊட்டுக்கு அனுப்புச்சு. நாம் பாத்துட்டுத்தான் இருந்தேன். வேண்டாமுன்னு சொன்னா இந்த ஊட்ல ஆரு காதுல உழுகுது?"

"இதுல ஒண்ணுமே உழுகலீங்க அத்தை. பிலிமே மாட்டல."

"நெசமாவா?" என்றார். பிறகு காலையில் சிரித்ததைவிடப் பலமாகச் சிரித்தார். சிரித்து முடித்ததும் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டு, "என்ன பண்ணோணுமோ பண்ணு. நான் உன்னைய ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பந்தி பரிமாறப் போய்விட்டார்.

இப்போது வெளிச்சம் இருந்தது, நாக்கு கண்ணுக்குத் தெரிந்தது, அதை உருளையின் பிளவில் செருகி மூட அரை நிமிடம் போதும். சாயங்காலத்துக்குள் முப்பத்தாறும் எடுத்துவிடலாம். கீழே பெரியத்தை, "எங்க போனா அந்தப் பொடுசு?" என்று கேட்பது காதில் விழுந்தது. நான் நாக்கைச் செருகவில்லை. அப்படியே மூடினேன். அதைத் துணிச்சல் என்று சொல்லமாட்டேன். பெரியத்தையிடம் மாட்டிக்கொள்வது, சின்னத்தைக்குத் துரோகம் செய்வது, இந்த இரண்டு பயங்களில் எது பெரியது என்று அளந்து பார்த்தேன், அவ்வளவே.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடிக்காத பகுதி. மதியச் சாப்பாட்டுக்குப் பின் எல்லோருக்கும் படம் எடுத்துக்கொள்ளும் ஆசை வந்தது. பெரியத்தை பேரனை மடியில் வைத்து உட்கார்ந்தார். மூன்று தலைமுறை வரிசையாக நின்றது. நான் அடிகளை அளந்தேன், எண்ணைத் திருப்பினேன், அழுத்தினேன். கடைசியில் அப்பா, தான் கட்டிய லாரியின் பலகையில் ஒரு கையை ஊன்றி, தோளில் துண்டைச் சரிசெய்துகொண்டு, "என்னையும் ஒண்ணு எடு சாமி" என்றார். அவராகக் கேட்டு நின்ற ஒரே படம் அது. சிரித்துக்கொண்டிருந்தார். அதையும் வெறும் பெட்டியால் எடுத்தேன்.

திங்கட்கிழமை சேலத்துக் கடைக்காரர் முதுகைத் திறந்ததுமே, "பாப்பா, பிலிம் கோத்துக்கவே இல்ல. பூராவும் காத்தத்தான் எடுத்திருக்கற" என்றார். திரும்பி வரும் பஸ்ஸில் அப்பா, "அந்தக் குமிழி சுத்துச்சா, பாத்தயா?" என்று கேட்டார். "பாக்கலீங்கப்பா" என்றேன். அவர் என்னைப் பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். புதன்கிழமை எதுவும் போகவில்லை. ஆத்தூர்ப் பக்கத்து வீட்டார் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். "பொடுசு கையில குடுத்தது நம்ம தப்பு" என்று பெரியத்தை தலையில் அடித்துக்கொண்டார். அடுத்த ஜாதகம் வருவதற்குள் சின்னத்தை வாயைத் திறந்து, எல்லோர் முன்னாலும், போட்டோ கொடுத்துப் பார்ப்பதானால் யாரும் எனக்கு மாப்பிள்ளை பார்க்கவேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அது நல்லதா கெட்டதா என்று சொல்ல நான் யார்? அப்பா இறந்தபோது செய்தித்தாள் இரங்கல் விளம்பரத்துக்கு நல்ல படம் ஒன்று கேட்டார்கள். வீடு முழுக்கத் தேடி, டிரைவிங் லைசென்ஸில் இருந்த, யாரையோ முறைப்பதுபோன்ற முகத்தைத்தான் வெட்டிக் கொடுத்தோம்.

போன மாதம், தோழிகளின் பார்ட்டிகளுக்குக் கொண்டுபோகப் பிலிம் கேமரா வாங்கவேண்டும் என்று என் மகள் வந்து நின்றாள். அது இப்போது திரும்பவும் வந்திருக்கிறதாம். எது நல்லது என்று என்னைக் கேட்டாள். பிளாஷ் உள்ளதை எடு, சத்தம் போட்டால் போடட்டும் என்றேன். வாங்கிய கையோடு ராசிபுரத்தில் இருக்கும் சின்னத்தை வீட்டுக்குப் போனோம். அவருக்கு அறுபது தாண்டிவிட்டது. மகள் கேமராவை உயர்த்தியதும், "எடு. ஆனா யாருக்கும் அனுப்பாத" என்றார்.

"உடனே அனுப்ப முடியாதுங்க பாட்டி, இது பிலிமு. கழுவறதுக்கு ஒரு வாரமாகும். கழுவறவங்களே அப்பறம் போனுக்கு அனுப்பிருவாங்க."

"போனுக்கு வந்தா?"

"வந்தா குரூப்ல போட்டுக்கலாம்."

ஒரு படம் விழாமல் போவதற்கு அந்த நாளில் எத்தனையோ வழி இருந்தது: நிழல், தூரம், உருளையில் மாட்டாத பிலிம், சொல்பேச்சுக் கேட்காத ஒரு சிறுமி. இப்போது கேமரா சரியாக இல்லாவிட்டாலும் பக்கத்தில் நாலு போன் எடுத்துவிடுகிறது. படத்தில் வர விரும்பாதவருக்கு எழுந்துபோவது ஒன்றுதான் மிச்சம்.

"காப்பி வெக்கறேன்" என்று சொல்லிவிட்டுச் சின்னத்தை எழுந்து உள்ளே போனார். மகள் கேமராவை இறக்கிவிட்டு, "நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனாம்மா?" என்று கேட்டாள்.