கிளட்சிலிருந்து எடுக்காத கால்

காலை ஒன்பது இருபதுக்கு, அரவேணுவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், மகள் பழைய டிராக்டருக்கு அடியில் படுத்து அதைவிடப் பழைய புல்வெட்டியைப் பொருத்தத் தொடங்கினாள். எஞ்சின் ஓடவில்லை. ஆனாலும் பல் வைத்த அந்த நீளக் கத்தியைப் பார்த்ததும் நான் இரண்டடி தள்ளி நின்றேன்.

“கத்தியக் கையில தள்ளிப் பாக்கோணும். கிளட்ச மிதிச்சாத்தான் நகரும். நான் சொல்ற வரைக்கும் கால எடுத்துறாதீங்கப்பா.”

ஏறி உட்கார்ந்து மிதித்தேன். சற்று நேரத்தில் தேயிலைக்குள்ளிருந்து ஒரு காட்டெருமை வந்து பக்கத்தில் நின்றது.

“கண்ணு, விரல வெளிய எடுத்துட்டியா?” என்று கிசுகிசுத்தேன். பதில் இல்லை. விரல் மாட்டி மயங்கிவிட்டாள் என்றே முடிவுசெய்தேன். குனிந்து பார்த்தால் கால் நழுவிவிடும். காட்டெருமை என் செருப்பை முகர்ந்தபோதும் நான் காலை எடுக்கவில்லை.

அது சலித்துப்போய்ச் சரிவில் இறங்கிய பிறகு, வீட்டுக்குள்ளிருந்து மகள் வந்தாள்.

“அதப் பாத்ததுமே அந்தப் பக்கமா உருண்டு ஊட்டுக்குள்ள ஓடிட்டனுங்கப்பா. நீங்க இன்னும் யாரு விரலுக்குக் காவல் இருக்கீங்க?”