மேயருக்குப் போட்ட நாற்காலி

மந்திரமூர்த்தியின் பெற்றோர் மலை எஸ்டேட்டில் தேயிலை பறித்தவர்கள். அவர் சட்டம் படித்து, தோட்டத் தொழிலாளர் வழக்குகளில் பேரெடுத்து, முப்பத்தெட்டு வயதில் எம்.எல்.ஏ. ஆனார். பாளையங்கோட்டை வாடகை வீட்டில் அவரோடு செந்தில்முருகன் என்ற கணக்கு வாத்தியார் இருந்தார். கேட்டவர்களுக்கு, நண்பர்கள் என்றே இருவரும் சொல்லிவந்தார்கள்.

2018-ல் ஒருபால் உறவு குற்றமில்லை என்று உச்ச நீதிமன்றம் சொன்ன அன்று, யாரும் வாய் திறக்கக் கூடாது என்று கட்சி சொல்லியிருந்தது. மைக்கை நீட்டியதும் மந்திரமூர்த்தி, "அது எனக்கும் சேத்து வந்த தீர்ப்புதான்" என்றுவிட்டார். செந்திலிடம் முன்கூட்டி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே மாதத்தில் செந்திலுக்கு வேலை போயிற்று. பெற்றோர்கள் ஆட்சேபிக்கிறார்கள் என்றது பள்ளி நிர்வாகம். டியூஷன் எடுத்துப் பார்த்தார். பிள்ளைகள் ஒவ்வொருவராக நின்றுவிட்டார்கள். மந்திரமூர்த்திக்கும் அடுத்த தேர்தலில் சீட்டு இல்லை. பிறகு மாநகராட்சித் தேர்தலில், யாரும் நிற்கத் தயங்கிய ஒரு வார்டைக் கொடுத்தார்கள். வீடு வீடாக ஏறி இறங்கி ஜெயித்தார். மேயர் பதவிக்கு இரண்டு கோஷ்டிகள் மல்லுக்கட்டியதில், எந்தக் கோஷ்டியிலும் சேராத அவருக்கு அது வந்து சேர்ந்தது.

அந்த இழுபறி நடந்த வாரத்தில்தான் செந்திலுக்குக் கணையத்தில் புற்று என்று தெரிந்தது. களக்காட்டிலிருந்து தம்பி பேச்சிராஜ் வந்து, அண்ணனை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றான். செந்தில் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் கொஞ்ச நேரம் நின்றார். உள்ளே கவுன்சிலர்கள் காத்திருந்தார்கள். போகாதே என்று மந்திரமூர்த்தி சொல்லவில்லை.

ஏழாம் மாதம் களக்காட்டிலிருந்து சாவுச் செய்தி வந்தது. மேயர் கார் தெருவுக்குள் நுழைந்ததும் கூட்டம் வழிவிட்டது. பந்தலில் முன்வரிசையில் நாற்காலி போட்டு, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். மாலையை வைத்தபோது செந்திலின் முகம் அவருக்கே அடையாளம் தெரியாத அளவுக்கு ஒடுங்கிக் கிடந்தது. பாடையைத் தூக்கும்போது அவரும் எழுந்து தோள் கொடுக்கப் போனார். பேச்சிராஜ் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான்.

"உங்களுக்கு எதுக்கு சிரமம்? சொந்தக்காரங்க நாங்க இருக்கோம்லா."

"பதினோரு வருசம் ஒரே வீட்டுல இருந்தோம் பேச்சிராஜ். அப்போ நான் யாரு?"

"அது எனக்குத் தெரியும்யா." அவன் குரலைத் தாழ்த்தினான். "ஆனா நாளைக்கும் நான் இந்தத் தெருவுலதான் இருக்கணும். அங்கன போய் பைய உக்காருங்க."

நாடே பார்க்கப் பேசிய மனிதர் போய் உட்கார்ந்தார். பாடை தெருமுனை திரும்பும்வரை எழுந்திருக்கவில்லை. மறுநாள் பேப்பரில், முன்னாள் ஆசிரியர் மறைவு, மேயர் அஞ்சலி என்று வந்திருந்தது.

அந்த மாத மாமன்றக் கூட்டத்தில் இரங்கல் தீர்மானம் வைக்கச் சொன்னார். எழுத்தர் கோமு, இறந்தவரை மேயருக்கு என்ன உறவென்று போட வேண்டும் எனத் தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"என் வீட்டுக்காரர்னு போடும்மா."

அவள் அப்படியே எழுதிக்கொண்டு போனாள். அச்சாகி வந்த நடவடிக்கைக் குறிப்பில் 'நெருங்கிய நண்பர்' என்றிருந்தது. யார் மாற்றியது என்று மந்திரமூர்த்தி விசாரிக்கவில்லை. குடிநீர்க் குழாய் டெண்டருக்கான கோப்புகளோடு சேர்த்து அதிலும் கையெழுத்துப் போட்டு அனுப்பினார்.