இன்னும் வராத வசதிகள்

"இது இப்ப இல்ல சார். ஆனா வந்துக்கினே இருக்குது" என்றபடி இருதயராஜ் திரையில் அடுத்த படத்துக்குத் தாவினார். இணையதளம் நடத்துவதற்கான மென்பொருளை விழுப்புரத்திலிருந்து விற்பவர். மென்பொருள் எங்கோ மேகத்தில் இருக்கிறது. மின்வெட்டு மட்டும் உள்ளூரில்.

திண்டிவனத்து மண்டபத்தில் அன்று நாற்பது வாடிக்கையாளர்கள். நான் ஒரு பள்ளி அலுவலகத்தின் சார்பாகப் போயிருந்தேன். நாம் கேட்கும் வசதி அவரிடம் எப்போதும் அடுத்த ஆண்டுதான் வரும். கேட்காதது நேற்றே வந்திருக்கும். கோணலாக ஏறும் படத்தை நிமிர்த்த இன்னும் வழியில்லை. ஆனால் செய்திக்குத் தலைப்பை அதுவே எழுதிவிடுமாம்.

"ரெண்டு பேரு ஒத்துக்கினாதான் செய்தி ஏறும். தப்பே நடக்காது!" என்று புது வசதியைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது அவர் ஃபோன் அடித்தது. அனந்தபுரத்தில் இதே மென்பொருளில் செய்தித்தளம் நடத்தும் கிருஷ்ணவேணி. பாராட்டப்போகிறாள் என்று நினைத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அண்ணா, தரைப்பாலத்து மேல இடுப்பளவு தண்ணி போவுது. செய்தி ஏற மாட்டேங்குது. என்கூட சைட்டப் பாத்துக்கிற முத்துசாமி சாரும் ஒத்துக்கணுமாம், அவரு ஃபோனு ஆஃப்ல கீது. மழைன்னு ஸ்கூல மதியமே விட்டுட்டாங்க. வேன் டிரைவருங்க நம்ம சைட்டப் பாத்துதாண்ணா வழி முடிவு பண்ணுவாங்க!"

"தலைப்பு தானா வந்துச்சாம்மா?" பழக்கதோஷம், அவர் வாய் கேட்டுவிட்டது.

"'மழையில் ரசிக்க ஓர் அழகிய பாலம்'னு வந்துச்சுண்ணா."

மண்டபம் சிரித்தது. இருதயராஜ் மடிக்கணினியை இழுத்தார். திரை இணைப்பைப் பிடுங்கக்கூடத் தோன்றாமல், எங்கள் கண்ணெதிரே அவளுடைய தளத்தின் அமைப்புக்குள் நுழைந்தார். சற்றுமுன் புகழ்ந்த வசதியை நிறுத்தப் போனார். 'உறுதியாகவா?' என்று மென்பொருள் இரண்டு முறை கேட்டது. "பேஜாரு புடிச்சது!" என்று மைக்கிலேயே திட்டி நிறுத்தினார்.

"இப்பப் போடும்மா, ஜல்தி!"

அடுத்த இருபது நிமிடம் அவர் எதையும் விற்கவில்லை. ஃபோனையே பார்த்துக்கொண்டு நின்றார். அது அடித்ததும் முதல் மணியிலேயே எடுத்தார். பள்ளி வேன்கள் மூன்றும் பாலத்துக்கு முன்பே திரும்பிச் சுற்றுவழியில் போய்விட்டன என்றாள் கிருஷ்ணவேணி.

எல்லோரும் சாப்பிட எழுந்தோம். அவர் வரவில்லை. நான் கைகழுவித் திரும்பியபோது, எங்களுக்குக் கொடுக்க வைத்திருந்த விளம்பரத் தாள்களை மடியில் அடுக்கிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் 'தப்பே நடக்காது' என்ற வரியைப் பேனாவால் அடித்துவிட்டு, பக்கத்தில் தன் கைப்பேசி எண்ணை எழுதிக்கொண்டிருந்தார்.