பாக்கெட்டுக்குள் ஒரு ஆரோ ஸ்டிக்கர்

அமுதாக்கா போய்விட்டார்.

காலையில் தெரியாத நம்பரிலிருந்து போன். "நீங்க ஆரோ அக்காவா?" என்று ஓர் ஆண் குரல். ராங் நம்பர் என்று வைக்கப் போனேன்.

"அமுதா பையன் பேசுறேன்க்கா. அம்மா நேத்து தவறிட்டாங்க. அவங்க போன்ல உங்க நம்பரு 'ஆரோ'ன்னுதான் இருக்கு... பேரு தெரியல, தப்பா எடுத்துக்காதீங்க."

 என் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது.

ஆரோ... இத்தனை வருஷமும் அவர் போனில் நான் அந்தப் பெயரிலா இருந்தேன்?

உங்களில் பலருக்கு இது புரியாது, சொல்கிறேன். தொண்ணூறுகளின் கடைசியில் மைசூர் ரோடு பக்கம் ஒரு கார்மென்ட்ஸில் நான் செக்கர். தைத்து வரும் சட்டையில் தப்பு எங்கே இருக்கிறதோ அந்த இடத்தைக் காட்டி ஒரு சின்ன சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். அதைத்தான் ஆரோ என்போம். நாள் முழுக்க அதே வேலை. பஸ்ஸில் முன்னால் நிற்பவர் சட்டைக் காலரில்கூடத் தப்புத் தேடும் கண் எனக்கு.

அமுதாக்கா என் லைனில் டெய்லர். சட்டைக்குப் பாக்கெட் வைப்பது, அது மட்டும்தான் அவருக்கு. நான் ஸ்ரீராம்புரம், அவர் ஒக்கலிபுரம். மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டில் ஒரே பஸ்ஸுக்கு முட்டி மோதுவோம்.

அவரிடம் ஒரு கிறுக்குத்தனம் இருந்தது. தினமும் ஒரே ஒரு சட்டையில், பாக்கெட் வந்து மூடப்போகிற இடத்தில், அதே கலர் நூலில் மிஷினாலேயே ஏதாவது ஒன்று போட்டுவிடுவார். கட்டைவிரல் நகம் அளவுதான். பிறகு மேலே பாக்கெட்டை வைத்துத் தைத்துவிடுவார். வெளியே ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு எது சந்தோஷமோ அது. மகன் மீன் குழம்பை நக்கிச் சாப்பிட்ட நாளில் ஒரு மீன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டு கிடைத்த நாளில் ஒரு சின்னக் கட்டம். ஒரு நாள் போட்டதை இன்னொரு நாள் போட்டதில்லை.

"எவனோ வெளிநாட்டுக்காரன் பேனாவ எடுக்கப் போவான், வெரல்ல தட்டும். என்னாடா இதுன்னு யோசிப்பான் இல்ல?" என்று சிரிப்பார்.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும் வரை அத்தனை மிஷினும் சட்டென்று நிற்கும். எல்லாரும் டார்கெட் போச்சே என்று புலம்புவோம். அமுதாக்கா மட்டும் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். இது கம்பெனி நேரம் இல்லை, நம்முடையது என்பார். அப்படி ஒரு நாள், அன்று என்ன வடிவம் போட்டார் என்று கேட்டேன். ஒன்றும் போடவில்லையாம், அந்த நேரமே போதுமாம்.

எனக்கு மட்டும்தான் இது தெரியும். ஒரு வருஷத்துக்கு மேல் கண்டும் காணாமல் விட்டேன்.

அப்புறம் ஒரு நாள். சட்டை வாங்கும் பையர் ஆபீஸிலிருந்து ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லாச் சட்டையிலும் பாக்கெட்டுக்குள் விரல் விட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பார்த்துக்கொண்டே வந்தேன். ஒன்றில் விரல் தட்டியது. ஆரோ ஒட்டிவிட்டேன்.

கை தானாக ஒட்டியதா, நான்தான் ஒட்டினேனா... சத்தியமாக இன்றுவரை தெரியவில்லை.

அடுத்த சட்டையை எடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அதற்குள் அது இன்சார்ஜ் மேஜைக்குப் போய்விட்டது. நாலு எட்டு நடந்தால் திரும்ப எடுத்து வந்திருக்கலாம். நான் எழுந்திருக்கவில்லை. அந்த வாரம்தான் சீனியர் செக்கராக யாரைப் போடுவது என்று பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"யாரம்மா இது மாடித்து?" இதைச் செய்தது யார் என்று இன்சார்ஜ் லைனையே பார்த்துக் கன்னடத்தில் கேட்டார்.

அமுதாக்கா எழுந்து நின்றார். "நான்தான் சார்."

மறுநாளிலிருந்து அவருக்கு ட்ரிம்மிங். நாள் முழுக்க நின்றுகொண்டே பிசிறு நூல் வெட்டும் வேலை. மிஷின் கிடையாது. நான் சீனியர் ஆனேன்.

செக்கர் மேஜையில் நாங்கள் மூன்று பேர். ஒட்டியது யார் என்று அவர் கேட்கவே இல்லை. பஸ்ஸில் எப்போதும் போல எனக்கு இடம் பிடித்து வைத்தார். அதுதான் என்னைப் போட்டுக் குழப்பியது. திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

சில வருஷம் கழித்து என் மகளின் முதல் பிறந்தநாளுக்கு வந்தார். அப்போது சந்தாபுராவுக்குக் குடிபோய்விட்டார்கள். தானே தைத்த மஞ்சள் கவுன் ஒன்றைக் கொடுத்தார். முன்பக்கம் ஒரு குட்டிப் பாக்கெட்.

எல்லாரும் போன பிறகு பாக்கெட்டுக்குள் விரல் விட்டேன். தட்டியது. இரண்டு கோடு, ஒரு வளைவு. திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என்ன வடிவம் என்று புரியவில்லை.

அதன் பக்கத்தில், அதைக் காட்டியபடி, ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கர்.

அப்படியானால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. குத்திக் காட்டினாரா? கிண்டலா? போனால் போகட்டும் என்றாரா? அடுத்த தடவை பார்க்கும்போது கேட்டுவிடலாம் என்று இருந்தேன். அப்புறம் எத்தனையோ தடவை பார்த்தோம். டீ குடித்தோம், பிள்ளைகள் கதை பேசினோம். கேட்கவில்லை.

இப்போது பீரோவிலிருந்து கவுனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். அந்த ஸ்டிக்கரின் பசை காய்ந்துவிட்டது. வடிவம் இன்னும் பிடிபடவில்லை.

நாளைக் காலை சந்தாபுராவில் அக்கா வீட்டுக்குப் போகிறேன். கவுனைப் பையில் வைத்திருக்கிறேன். எதற்கு என்று கேட்காதீர்கள், எனக்கே தெரியவில்லை.

அந்த ஆரோவை ஒட்டியது நான்தான் அக்கா. உங்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் ஒரு தடவை சொல்லியிருக்க வேண்டும்.

போகிற வழியில் ஜன்னல் சீட்டு கிடைக்கட்டும் அக்கா.