தெசான்காவின் அசிட்டோன் பஞ்சு

திசா ஆற்றங்கரை ஆஸ்பத்திரியில் மயக்க மருந்துப் பிரிவு நர்ஸ் தெசான்காவுக்கு இருபத்தாறு வருஷ சர்வீஸ். ஊர்ப் பெண்கள் அவளிடம் பயப்படுவது ஊசிக்கு அல்ல, நகச்சாயத்தை அழிக்கும் அசிட்டோன் பஞ்சுக்கு. விரலில் மாட்டும் கிளிப் நகத்தின் வழியே ஒளி பாய்ச்சி, ரத்தத்தின் நிறத்தைப் பார்த்துத்தான் ஆக்சிஜன் அளவைச் சொல்லும். நடுவே நகச்சாயம் இருந்தால் உளறும்.

அன்று மேசையில் படுத்தவள் பேக்கரி ராதோய்கா, பள்ளித் தோழி. மார்பில் கட்டி.

"செத்தாலும் சிவப்பு நகத்தோடதான்டி சாவேன்."

"என் டியூட்டில யாரும் சாகக் கூடாது. கையக் குடு."

பத்து நகத்துக்கும் இருபது நிமிடம் ஆனது. காத்திருந்த சர்ஜன் வுயிச்சுக்கு மூக்கின் மேல் கோபம். கட்டி எந்த நெறிக்கட்டுக்குப் பரவும் என்று காட்டும் நீலச் சாயத்தை மார்பில் ஏற்றும்போது அவர் "நீலம்" என்று உரக்கச் சொல்வார். தெசான்கா நேரத்தை டேப்பில் எழுதி மானிட்டரில் ஒட்டுவாள். அதுதான் அங்கே வழக்கம். அன்று அவள் திரும்பி நின்று சலைன் மாற்றும்போது, வாயே திறக்காமல் ஏற்றிவிட்டார்.

அரை மணியில் 99 என்றிருந்த எண் 95 ஆனது. பிறகு 91. உதட்டிலும் நீலம் படர்ந்தது.

"கையை எடுங்க வுயிச்," என்றார் மயக்க மருந்து டாக்டர் ஸ்லாவிசா. ஆக்சிஜனை முழுக்கத் திறந்தும் எண் ஏறவில்லை. தெசான்கா கிளிப்பை வேறு விரலுக்கு, பிறகு காதுக்கு மாற்றினாள். அதே 91. மூச்சு சீராக இருந்தது, பிரஷர் இறங்கவில்லை. அப்போதுதான் தட்டில் கிடந்த நீலக்கறைப் பஞ்சு அவள் கண்ணில் பட்டது.

"டாக்டர், நீலம் போட்டாச்சா?"

"அப்பவே போட்டாச்சு."

"டேப்புல இல்லையே."

"நீ நகத்தோட மல்லுக்கட்டினதுல சொல்ல எங்க நேரம்?"

"ரத்தத்துல கலந்த நீலம் கிளிப்பை ஏமாத்துதோ என்னவோ," என்றார் ஸ்லாவிசா. "ஆனா இதே சாயம் ஒத்துக்காம விழுந்தவங்களும் உண்டு. ஊகத்துல வெட்ட விடமாட்டேன்."

மணிக்கட்டிலிருந்து ரத்தம் எடுத்தார். தெசான்கா சிரிஞ்சோடு வராந்தாக் கோடியிலிருந்த ரத்தப் பரிசோதனை மெஷினுக்கு ஓடினாள். காகிதம் வர இரண்டு நிமிடம். அதற்குள், இவள் பிழைத்தால் இனி யார் நகத்தையும் தொடமாட்டேன் என்று ஒரு பொய்ச் சத்தியமும் செய்து முடித்தாள்.

ரத்தத்தில் ஆக்சிஜன் தேவைக்கு மேலேயே இருந்தது.

வுயிச் கத்தியை எடுத்தார். "நீலம். போட்டது எட்டு நாற்பதுக்கு," என்று முனகினார். தெசான்கா எழுதி ஒட்டினாள்.

மறுநாள் ராதோய்கா கண்ணாடி பார்த்தாள். "சிவப்ப அழிச்சிட்டு ஆளையே நீலமா அடிச்சு வச்சிருக்கியேடி."

"மூத்திரமும் பச்சையாத்தான் போகும், கத்தாதே." தெசான்கா பையிலிருந்து சிவப்புச் சாயக் குப்பியை எடுத்தாள். "கையக் குடு."