வயலில் சொல்லாத சொல்

நற்பிட்டிமுனைக் காலிதீனுக்கு வயது ஐம்பத்தெட்டு. இத்தனை வருடத்தில் வயலுக்குள் நின்று ‘போதும்’ என்ற சொல்லை அவர் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. மாடு விட்டு நெற்சூடு மிதித்த காலத்தில் களத்துக்குள் ‘இல்லை’, ‘முடிஞ்சது’, ‘போதும்’ என்று யாரும் வாய்விடமாட்டார்கள், நெல்லுக்கு அல்லாஹ் தரும் பரக்கத், அந்தப் பெருக்கம், போய்விடும் என்ற பயம். அறுவடை மெசின் வந்து களத்தையே இல்லாமலாக்கிய பிறகு ஊரெல்லாம் அந்தப் பழக்கத்தைக் கைகழுவிவிட்டது. காலிதீன் மட்டும் பிடித்த பிடியை விடவில்லை. வரம்பில் இருந்து தேத்தண்ணி குடிக்கும்போது பக்கத்து வயல் முகைதீன்பாவா வேண்டுமென்றே ஊற்றிக்கொண்டே இருப்பார். கோப்பை வழிந்து விரல் வெந்தாலும் காலிதீன் ‘நெறஞ்சிட்டு’ என்றுதான் சொல்வார். இப்படி ஒரு மனிதனிடம் போய் ஒரு மெசின் அந்தச் சொல்லையே கேட்டால் என்ன ஆகும்?

போன சிறுபோக வேளாண்மையில் அதுதான் நடந்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்க என்று ஒரு திட்டம் அந்த வயல் வட்டைக்கு வந்தது. வாய்க்காலிலிருந்து வயலுக்குத் தண்ணீர் பாயும் ஒவ்வொரு வக்கடையிலும் மோட்டார் பூட்டிய இரும்புக் கதவு வைத்தார்கள். சேற்றில் குத்திய கோல் ஒன்று சில மணிக்கு ஒருதரம் நீர்மட்டத்தை அளந்து, குறைந்தால் கதவைத் திறக்கும்; மூட மட்டும் கமக்காரனின் சொல் வேண்டும். கமக்காரனின் கையில் சோப்புப் பெட்டி அளவில் ஒரு பேசும் பெட்டி. பொழுதுபடும் நேரத்தில் அது பெண்குரலில் ‘தண்ணீர் போதுமா?’ என்று கேட்கும். ‘போதும்’ என்றால் கதவு இறங்கும்.

காலிதீன் பெட்டியை வயலுக்குக் கொண்டுபோனார். அது கேட்டது. “நெறஞ்சிட்டு” என்று சொல்லி, பெட்டியை வரம்பில் விட்டுவிட்டு, பதில் சொன்ன மனிதனின் நிம்மதியோடு பள்ளிக்கு மஃரிபு தொழப் போய்விட்டார். ‘விளங்கவில்லை’ என்று பெட்டி திரும்பத் திரும்பச் சொன்னதைக் கேட்க வரம்பில் ஆளில்லை. விடியப் போய்ப் பார்த்தால் விதைத்து மூன்று நாளான வயல் குளமாகக் கிடந்தது. முளையெல்லாம் அழுகிப்போயிற்று.

மிஞ்சியிருந்த விதைநெல்லை ஊறப்போட்டு இரண்டாம் தரம் விதைத்தார். இதுவும் போனால் இன்னொரு தரம் விதைக்க விதையும் இல்லை, போகத்தில் நாளும் இல்லை.

அதனால் ஒரு வழி கண்டுபிடித்தார். பெட்டியைக் கொண்டுவந்து சமைக்கும் குசினியின் சுவரில் மாட்டி, பதில் சொல்லும் வேலையை மனைவி சபூறாவிடம் கொடுத்தார்.

“நீ குசினிக்குள்ள நிண்டு சொல்லு. வீட்டுக்குள்ள சொன்னா ஒண்டுமில்ல.”

“நல்ல கெட்டிக்காரன்தான். பொல்லாப்ப என்ட தலையில கட்டியாச்சி” என்று சபூறா சிரித்தாள்.

திட்டத்து இன்ஜினியர் றிபா, பக்கத்து ஊர்ச் சாய்ந்தமருதுப் பிள்ளை, வீட்டுக்கு வந்து சபூறாவைப் பத்துத் தடவை ‘போதும்’ என்று சொல்லவைத்துக் குரலைப் பதிந்தாள். இனி அந்தக் குரலுக்கு மட்டும்தான் கதவு அசையும். மகன்கள் இரண்டு பேருக்கும் கட்டாரில் வேலை. வீட்டில் பகலெல்லாம் சபூறாவும் பெட்டியும்தான்.

பயிர் பச்சைப்பசேலென்று எழுந்தது. குடலைப் பருவம், கதிர் வெளியே வரப்போகிற நேரம். வாய்க்காலில் பகலில் மட்டுமே தண்ணீர் விட்ட காலம் அது. அப்போதுதான் கதவு தன்பாட்டில் இறங்கத் தொடங்கியது.

முதல் தடவை உச்சி வெயில். கோடையில் வீசும் கச்சான் காற்றுகூட நின்றுபோயிருந்தது. காலிதீன் வரம்பில் குந்தியிருந்தார். கிர்ரென்று ஒரு சத்தம். பாய்ந்துகொண்டிருந்த தண்ணீரை இரும்புக் கதவு மெல்ல வந்து நறுக்கியது. சுற்றிப் பார்த்தார். ஒரு குஞ்சுகூட இல்லை. அடுத்த நாளும் அப்படியே. அதற்கடுத்த நாள் மூன்று தடவை. கையால் தூக்கிப் பார்த்தார். மறுபக்கம் நின்று யாரோ அழுத்துவதுபோல் இருந்தது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டார். உண்மையைச் சொன்னால், பயந்துபோனார்.

“எங்கட கதவெல்லாம் ஒழுங்கா வேல செய்யிது காக்கா. ஒங்கட வக்கடையிலதான் ஆரோ நிக்கிறாங்க” என்றார், அவரை அண்ணன் முறையில் ‘காக்கா’ என்றழைக்கும் முகைதீன்பாவா. இந்தத் தடவை அவர் பகிடி பண்ணவில்லை.

காலிதீன் காவலுக்கு ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதினார். ஓதின தண்ணீரைக் கதவில் தெளித்தார். கதவு அதற்கும் மசியவில்லை. ஆறாம் நாள் சேறு வெடித்து, பயிரின் நுனி மஞ்சளாகத் திரும்பியது. இன்னும் நாலு நாள் இப்படியே போனால் கதிர் வந்தாலும் முழுக்கச் சப்பிதான், உள்ளே அரிசி இருக்காது.

“பகல்ல இந்தப் பெட்டி ஏதும் கதைச்சதா?” என்று சபூறாவிடம் கேட்டார்.

“இல்லியே. பொழுதுபடத்தான் கேக்கிற” என்று சொல்லிச் சோற்றை வைத்தாள். நீ தின்னல்லையா என்றதற்கு, அப்போதே தின்றுவிட்டேன் என்றாள்.

மறுநாள் காலை பதினொரு மணிக்கு றிபா வயலுக்கே வந்து, வரம்பில் இருந்து மடியில் லேப்டொப்பை விரித்தாள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு முகம் சுருக்கினாள்.

“மாமா, கதவு தானா இறங்கல்ல. ஒவ்வொரு தரமும் உத்தரவு போயிருக்கு. ஆறு நாளில பதினேழு தரம்.”

“ஆரு குடுத்த உத்தரவு?”

“ஒங்கட வீட்டுப் பெட்டிதான். ஒரு அவசரத்துக்கு உதவும் எண்டு, அது கேக்காமலே மாமி ‘போதும்’ எண்டாலும் கதவு இறங்கிற மாதிரி வெச்சிருந்தம். அந்த நேரத்துச் சத்தமும் பதிஞ்சிருக்கு.”

காலிதீனுக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. பயிர் கருகுது, இவள் பகலெல்லாம் யாரோடு என்ன கதை கதைக்கிறாள்? “போடு மகள், கேப்பம்” என்றார்.

றிபா போட்டாள். முதலில் காகம் கரைவது கேட்டது. குழாய்த் தண்ணீர் சொட்டியது. பிறகு யாரோ தரையில் உரசி உரசி நகரும் சத்தம். நீளமாக ஒரு மூச்சு.

“போதும் யா அல்லாஹ்... போதும்.”

அடுத்ததைப் போட்டாள். அதே மூச்சு, பல்லைக் கடித்துக்கொண்டு அதே சொல். முப்பத்தைந்து வருடம் ஒரே கூரைக்குக் கீழ் வாழ்ந்தவளின் அந்தக் குரலைக் காலிதீன் அன்றுவரை கேட்டதில்லை.

“காணும் மகள், நிப்பாட்டு.”

றிபா நிறுத்தினாள். வயல் முழுக்க அமைதி. அந்த அமைதிக்குள் கிர்ரென்று மோட்டார் சுற்றியது. இருவரின் கண்ணுக்கு முன்னாலேயே கதவு இறங்கி, தண்ணீரை மூடியது.

“மாமா, நான் ஒண்டும் செய்யல்ல” என்றாள் றிபா. லேப்டொப்பை அவர் பக்கம் திருப்பினாள். “இது இப்ப. மாமி இப்ப சொல்றாங்க.”

காலிதீன் மோட்டார் சைக்கிளை உதைத்தார். பின்னாலிருந்து றிபா, குரலை அழித்துக் கதவைத் திறந்துவிடட்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. பதில் சொல்ல அவர் நிற்கவில்லை.

சபூறா குசினித் தரையில் சுவரோடு சாய்ந்து, வயிற்றை இரண்டு கையாலும் அமர்த்திக்கொண்டு கிடந்தாள். அவரைக் கண்டதும் அவசரமாக முக்காட்டை இழுத்து எழும்பப் பார்த்தாள். முடியவில்லை.

“என்ன இந்த நேரத்தில? வயலுக்குத் தண்ணி வருதா?”

“தண்ணி கிடக்கட்டும்.” காலிதீன் சேற்றுக் காலோடு அவளுக்குப் பக்கத்தில் இருந்தார். “எத்தின நாளா இந்த நோவு?”

சபூறா முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தாள்.

“முதல் விதைப்பு அழுகின அண்டைக்குச் சொல்லத்தான் இருந்த” என்றாள். “நீங்க கடைசி விதைநெல்ல கையில வெச்சிட்டு நிண்டீங்க.”