பொழிச்சலூர் வேங்கையும் சாதிக் பாயும்

சாதிக் பாய் காலமான செய்தி குறுஞ்செய்தியாக வந்தபோது, வண்டலூர்ப் பக்கத்திலுள்ள எங்கள் பொதுக் காட்டில் நாற்றுப் பைகளுக்கு மண் நிரப்பிக்கொண்டிருந்தேன். ஓய்வுபெற்ற டீச்சருக்கு அதுதான் வேலை. கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் பம்மலுக்கு பஸ் ஏறினேன். ஜனாஸா ஊர்வலம் புறப்பட்டுவிட்டிருந்தது. வாசலில் இரண்டு பேர், "நல்ல மனுஷன்தான், அந்தப் பொழிச்சலூர் விஷயத்துலதான் சறுக்கிட்டாரு" என்று பேசிக்கொண்டிருந்தார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

பாய் பம்மலில் மரவாடி வைத்திருந்தார். கோடாலியின் பின்பக்கத்தால் மரத்தைத் தட்டி, உள்ளே வைரமா பொந்தா என்று சொல்லிவிடுவார். அவர் சொன்ன பிறகு வேறு யாரும் தட்டிப் பார்க்க மாட்டார்கள். அருகிப்போன நம்மூர் மரங்களை மீட்டு வளர்க்கும் எங்கள் காட்டுக்கு, விதை எடுக்கத் தாய்மரம் காட்டியவரும் அவரே. "அறுத்தவன் நான்தானே டீச்சர், எங்க மிச்சம் கீதுன்னு எனக்குத் தெரியாதா?" என்பார்.

பொழிச்சலூரில் ஒரு மனையில் நின்ற வேங்கை மரத்தை விலைபேச அவரைக் கூப்பிட்டார்கள். நானும் போனேன். மரம் முழுக்கக் காய், எல்லாம் பச்சை. முற்ற இரண்டு மாதமாவது ஆகும். நாங்கள் தேடியவரை அந்த வட்டாரத்தில் வேறு வேங்கை இல்லை. மனைக்காரரிடம் கெஞ்சினேன். "அடுத்த வாரமே வித்தாகணும் மேடம்" என்றுவிட்டார். பாயைத் தனியே இழுத்து, "பொந்துன்னு சொல்லிடுங்க பாய், எவனும் வாங்க வரமாட்டான்" என்றேன்.

"இன்னா டீச்சர், எனக்கு சோறு போடறதே இந்த வாய்தான்" என்றார். அண்ணாந்து காய்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு போய்ச் சொன்னார்.

காய்கள் காய்ந்ததும் மனைக்காரர் அனுமதியோடு சாக்குகளில் சேர்த்தோம். மறுநாளே பாய் அவரிடம் போய், மரம் நல்ல மரம், தான் சொன்னது பொய் என்று சொல்லிவிட்டார். "உங்களுக்கென்ன பைத்தியமா? மரம் போச்சே!" என்று கத்தினேன்.

"வெத வந்துடுச்சு இல்ல? அது அந்த ஆளு பொருளு. இன்னும் எத்தினி நாளு ஏமாத்தறது?"

மரம் போயிற்று. பாய் அதை அடிமாட்டு விலைக்கு அமுக்கப் பார்த்து, பயந்துபோய் ஒப்புக்கொண்டார் என்று மரவாடி மரவாடியாகப் பேச்சு பரவியது. அதற்குப் பிறகு அவர் தட்டிய மரத்தை இன்னொருவரும் தட்டிப் பார்த்தார். பாய் என் பெயரை எடுக்கவே இல்லை. "டீச்சர் சொல்லித்தான் செஞ்சேன்னா, உங்க காட்டுக்கு எவன் வெத குடுப்பான்?" என்றார். நானும் வசதியாக வாயை மூடிக்கொண்டேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

அவரை அறிந்தவர்களே, அவரிடமிருந்து என்னிடம் இருப்பது தோளுயரம் வளர்ந்த ஒரு வரிசை வேங்கை. கூடவே, அவர் இருக்கும்போதே உங்களிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒரு வாக்கியம்: பொய் சொல்லச் சொன்னவள் நான்.